நன்கொடை வந்த பிறகு: எங்கள் கல்லூரிகளின் விளையாட்டுத்துறையில் எதை மாற்றுவது, எதைக் காப்பது?

சில காலத்துக்கு முன்பு வன்னியிலுள்ள ஒரு பாடசாலையின் விளையாட்டு அறைக்குப் போயிருந்தேன். பழைய வகுப்பறை ஒன்றைத்தான் விளையாட்டு அறையாக மாற்றியிருந்தார்கள். ஒரு மூலையில் காற்றுப்போன உதைபந்துகள். இன்னொரு மூலையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்ட நீண்ட பொதி ஒன்று. சுற்றியிருந்த உறை முழுதாகப் பிரிக்கப்படவில்லை. கோலூன்றிப் பாய்வதற்கான பைபர் தடி. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கி அனுப்பியது.

“நல்ல தடிதான் தம்பி. ஆனா இந்த நிறைக்குப் பாயிற பிள்ளை எங்களிட்ட இல்லை” என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

கோலூன்றிப் பாயும் தடி கிரிக்கெட் மட்டையைப் போல யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொருள் அல்ல. ஒவ்வொரு தடியிலும் அதன் நீளமும், அது எத்தனை கிலோ நிறையுள்ளவருக்கு ஏற்றது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். நிறை குறைந்த பிள்ளை கடினமான தடியைப் பிடித்தால் அது வளையாது. பிள்ளையை மேலே தூக்குவதற்குப் பதில் ஓடிவந்த பக்கமே திருப்பித் தள்ளிவிடும். நிறை கூடிய பிள்ளை மெல்லிய தடியைப் பிடித்தால் அது முறியலாம். பிள்ளை வளர வளர அடுத்தடுத்த தடிகள் வேண்டும். விழுவதற்குத் தடித்த மெத்தை வேண்டும். அந்தப் பாடசாலையில் மெத்தை இல்லை. இருந்தது ஒரு தடி மட்டுமே.

அதே பாடசாலையில் மாகாண மட்டத்துக்குத் தெரிவான நடுத்தூர ஓட்ட மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஓடுவதற்குச் சரியான சப்பாத்து இல்லை. பயிற்சி முடிந்தபின் வீட்டுக்குப் போக பஸ் இல்லை என்பதால் கிழமையில் இரண்டு நாட்கள்தான் நிற்கிறாள் என்றார் ஆசிரியர். அவளைப் பயிற்றுவித்த அவரும் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருந்தார்.

தடியை அனுப்பியவர்கள் அன்போடுதான் அனுப்பினார்கள். பாடசாலையும் நன்றியோடுதான் பெற்றுக்கொண்டது. பிழை எங்கே நடந்தது? புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதற்கு முன், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கின்றது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இரண்டு பக்கமும் சரிவு

புதியதைத் தேடுவதா, இருப்பதை வைத்து முன்னேறுவதா என்ற கேள்வி விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மார்ச் 1991இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கலாக விளக்கினார். ஒரு நிறுவனம் தனக்குத் தெரிந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்தால் பலன் விரைவாகவும் நிச்சயமாகவும் கிடைக்கும். அதனாலேயே அது புதியதைத் தேடுவதை மெல்ல மெல்ல நிறுத்திவிடும். காலம் மாறும்போது பின்தங்கிவிடும். மாறாக, எப்போதும் புதியதையே தேடிக்கொண்டிருக்கும் நிறுவனம் பரிசோதனைகளுக்கான செலவைச் சுமக்கும். ஆனால் எதிலும் தேர்ச்சி பெறாது.

எங்கள் கல்லூரிகளில் இரண்டு வகையையும் காணலாம். பெயர்பெற்ற பழைய கல்லூரி ஒன்று, தனக்குப் பெயர் தந்த ஒரே விளையாட்டுக்கே ஆண்டுதோறும் பணத்தையும் மைதானத்தையும் ஒதுக்குகின்றது. ஏனையவை மிச்சத்தில் வாழ்கின்றன. போருக்குப் பின் மீண்டெழுந்த பாடசாலை ஒன்றோ, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கின்றது. ஒரு வருடம் கூடைப்பந்து, மறுவருடம் கராத்தே, அடுத்த வருடம் சதுரங்கம். திறப்பு விழாப் படங்கள் இருக்கின்றன. மூன்று வருடம் தொடர்ந்து பயிற்சி பெற்ற ஓர் அணி இல்லை.

மெத்தை இல்லாத இடத்தில் புதிய பாணி

புதுமைக்கும் அடித்தளத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க உயரம் பாய்தலை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்னிலும் ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். 2024இல் அவர் காலமானபோது எங்கள் ஊடகங்கள் எல்லாம் அந்தப் பதக்கத்தை நினைவுகூர்ந்தன.

அவர் எங்கள் பாடசாலை மைதானங்களில் பாயப் பழகிய காலம் தடித்த மெத்தைகள் வராத காலம். பாய்பவர் மணலில் விழ வேண்டும் என்பதால், காலூன்றியோ பக்கவாட்டாகவோ விழும் முறைகளே கற்பிக்கப்பட்டன. பத்து வருடங்களின் பின்னர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டிக் பொஸ்பரி முதுகைக் கம்பத்தின் பக்கம் திருப்பிப் பாய்ந்து 2.24 மீற்றருடன் தங்கம் வென்றார். அந்தப் பாணி உலகத்தையே மாற்றியது. ஆனால் அந்தப் பாணியில் பாய்பவர் விழுவது முதுகிலும் தோளிலும். மணலில் அப்படி விழ முடியாது. உயர்ந்த மெத்தை வந்ததால்தான் அந்தப் புதுமை பரவ முடிந்தது.

இன்றும் மெத்தை இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் யூரியூப்பில் புதிய பாணியைப் பார்க்கின்றார்கள்; மணற்குழியில் செய்துபார்க்க முனைகின்றார்கள். கழுத்துக்கும் முள்ளந்தண்டுக்கும் ஆபத்து. அப்படியான பாடசாலையில் பொறுப்புள்ள ஆசிரியர் இரண்டு வேலை செய்யலாம். தன் மைதானத்தில் ஓட்ட வளைவு, உந்தல், கத்தரிப் பாணி என்பவற்றைத் திருத்தமாகக் கற்பிக்கலாம். மெத்தை உள்ள அயல் பாடசாலைக்குக் கிழமைக்கு ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லலாம். வலிமையான உந்தல் எந்தப் பாணிக்கும் அடிப்படை. பழைய முறையில் கற்ற அந்த உந்தலின் மேல்தான் புதிய பாணியை ஏற்ற வேண்டும்.

எங்கள் பலம் எது?

பலம் என்றவுடன் அதிபர் அறையிலுள்ள கேடயங்களைக் காட்டுவது வழக்கம். கேடயம் பலத்தின் விளைவு மட்டுமே. பலம் என்பது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் அறிவு.

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அக்கல்லூரியும் இடம்பெயர்ந்தது. தன் சொந்த மைதானத்தை இழந்து பல வருடங்கள் வேறிடங்களில் இயங்கியது. அப்படியான கல்லூரி பின்னர் கோலூன்றிப் பாய்தலிலும் பெண்கள் உதைபந்தாட்டத்திலும் நாடறிந்த பெயரைப் பெற்றது. பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரன் அக்கல்லூரியின் மாணவி. அவருக்குப் பின்னும் அங்கிருந்து பாய்பவர்கள் வந்தார்கள். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கு எறிதல் போட்டிகளில் அப்படியொரு தொடர்ச்சி உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பந்து வீசிப் பழகிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் ஐ.பி.எல். போட்டியிலும் விளையாடினார். அவருக்குப் பின்னால் 1904 முதல் சென். ஜோன்ஸ் கல்லூரியுடன் நடைபெற்றுவரும் ‘வடக்கின் பெரும் போர்’ என்ற நூற்றாண்டு கடந்த துடுப்பாட்ட மரபு இருக்கின்றது.

இவற்றில் பொதுவாக இருப்பவை மூன்று. பல வருடம் ஒரே துறையில் நின்று கற்பிக்கும் பயிற்றுவிப்பாளர். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவர்கள். தங்கள் பிள்ளை மாலை ஆறு மணிவரை மைதானத்தில் நிற்பதை ஏற்றுக்கொண்ட பெற்றோர். இந்த மூன்றையும் எந்த நன்கொடையாலும் ஒரே தவணையில் உருவாக்க முடியாது.

இடப்பெயர்வு எங்களுக்கு ஒன்றைக் கற்றுத்தந்தது. மைதானம் போனது, கட்டடம் போனது, பதிவேடுகள் போயின. ஆட்கள் தங்கியிருந்த இடங்களில் விளையாட்டு திரும்பவும் முளைத்தது.

பலமே பாரமாகும்போது

அப்படியென்றால் பழையதை அப்படியே வைத்திருந்தால் போதுமா? போதாது. எங்கள் விளையாட்டுத்துறையின் சில பழைய பழக்கங்களை மரபு என்ற பெயரில் காப்பாற்றுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

முதலாவது, பணப் பங்கீடு. மாபெரும் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பழைய மாணவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். அதே கல்லூரியின் கரப்பந்தாட்ட அணி மாகாணப் போட்டிக்குப் போக வாகனச் செலவுக்கு அலைகின்றது. கலவன் பாடசாலைகளில் மைதானம் மாலையில் பெடியன்களுக்கு என்பது எழுதப்படாத சட்டம். பெண் பிள்ளைகள் பதினான்கு, பதினைந்து வயதில் விளையாட்டை விடுவதற்கு வீட்டுத் தடை மட்டும் காரணமில்லை. உடை மாற்ற அறை இல்லை, மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை, கூடவே நிற்க ஒரு ரீச்சர் இல்லை என்பவையும் காரணங்கள். ஆசியாவின் உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனைகளில் ஒருவரான தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்துதான் புறப்பட்டார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தார். அப்படி இன்னும் எத்தனை பேர் ஒன்பதாம் தரத்தோடு நின்றுபோனார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டாவது, நோவைப் பொறுத்துக்கொள் என்ற பழக்கம். வேகமாக உயரம் கூடும் பருவத்தில் எலும்பின் வளரும் முனைகள் மென்மையாக இருக்கும். அந்த வேளையில் நாள்தோறும் பாய்ச்சலும் வேக ஓட்டமும் கொடுத்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்கத்தில், வீக்கமும் நோவும் வரும். ‘சாட்டுச் சொல்லுறான்’ என்று ஆசிரியர் நினைப்பார். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சுகமாகிவிடக்கூடிய நோவை, தண்டனை ஓட்டம் கொடுத்துப் பெருப்பிப்போம். இதற்குத் தீர்வு விலையுயர்ந்த கருவி அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரத்தை அளந்து, திடீரென வளர்ந்த பிள்ளைக்குப் பாய்ச்சலைக் குறைத்தால் போதும்.

மூன்றாவது, நேரம். இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் முதலாம் தவணையில் வருகின்றன. மாரி மழையில் நீர் நின்ற மைதானம் காய்ந்து முடியும்போதே போட்டி நெருங்கிவிடும். உடனே இரண்டு கிழமைக்குள் எல்லாம். பாடசாலை விட்டதும் ஒன்றரை, இரண்டு மணி வெயிலில், மதியம் ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளை ஓடுகின்றது. நான்கு மணிக்குப் பின் வைக்கலாம் என்றால் ரியூசன். பெற்றோரையும் ரியூசன் நடத்துபவர்களையும் அழைத்து, கிழமையில் இரண்டு மாலைகளை விட்டுத்தரக் கேட்பதும் விளையாட்டு முகாமைத்துவம்தான்.

நான்காவது, எல்லாம் ஒருவரின் தலைக்குள் இருப்பது. ஆசிரியர்கள் இடமாற்றம் பெறுவார்கள். வன்னிப் பாடசாலைகளில் வெளி மாவட்டத்து ஆசிரியர்கள் தங்கள் சேவைக் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். அது அவர்களது உரிமை. அவரோடு அவர் அறிந்த எல்லாமும் பஸ் ஏறிவிடுவதுதான் பிரச்சினை. எந்தப் பிள்ளைக்கு என்ன காயம் இருந்தது, எந்த மாதம் எவ்வளவு பயிற்சி கொடுத்தது, யார் எவ்வளவு பாய்ந்தது என்று ஒரு கொப்பியும் மிஞ்சுவதில்லை.

பதிவு என்பது பிள்ளையின் சொத்து

பதிவு என்றால் அலுவலக வேலை என்று நினைக்க வேண்டாம். க.பொ.த. உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான அடிப்படைத் தகைமை பெற்றவர்களில், விளையாட்டில் விசேட திறமை காட்டியவர்களுக்கு நாட்டின் பல்கலைக்கழகங்களில் தனியான ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஆதாரம் சான்றிதழ்கள். அது காணாமல் போனால், அணியில் இருந்ததற்கு வேறு பதிவும் இல்லாவிட்டால், பிள்ளை வாதாட முடியாது.

போரில் தகப்பனை இழந்து, தாயின் கூலி உழைப்பில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு ஒரு கதவு. எங்கள் தலைமுறை சான்றிதழ்களை உரப்பையில் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியது. பலருடையது பதுங்கு குழியில் நனைந்தது. இன்று கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாடசாலையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்க ஒரு நிமிடம் போதும். ஒரு கல்லூரி இந்த வருடம் ஒரேயொரு புதுமையைத்தான் செய்யலாம் என்றால், இதைச் செய்யச் சொல்வேன்.

புற்றரை ஆடுகளத்தின் கணக்கு

புதியதை மதிப்பிடும்போது வாங்கும் செலவை மட்டும் பார்க்கிறோம். வைத்திருக்கும் செலவைப் பார்ப்பதில்லை. கிரிக்கெட் ஆடுகளம் இதற்கு நல்ல உதாரணம்.

வடக்கின் பல பாடசாலைகள் நெடுங்காலம் மற்றிங் விரித்த ஆடுகளத்திலேயே விளையாடின. மற்றிங்கில் பந்து கூடுதலாக எழும்பும், சீராக வரும். புற்றரையில் தாழ்ந்து வரும், நாள் போகப் போகக் குணம் மாறும். மற்றிங்கில் பழகிய துடுப்பாட்டக்காரர் கொழும்பில் தடுமாறுவது இதனால்தான். ஆகவே புற்றரை ஆடுகளம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

ஆனால் புற்றரையை அமைத்தபின் நாளாந்தம் தண்ணீர், உருளை, புல் வெட்டு, மைதானப் பராமரிப்பாளரின் சம்பளம் எல்லாம் வேண்டும். குடாநாட்டில் வெயில் காலத்தில் கிணறு வற்றும் இடங்களில் தண்ணீரே பெரிய கேள்வி. 2022 நெருக்கடியில் டொலரின் பெறுமதி ஏறக்குறைய இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் போனபோது, இறக்குமதிப் பொருளை நம்பிய பயிற்சிகள் எவ்வளவு விரைவாக நிற்கும் என்பதையும் கண்டோம். ஐந்து வருடப் பராமரிப்புக்கு வழி இல்லாத கல்லூரி, மற்றிங்கை நன்றாக வைத்துக்கொண்டு, அணியை ஆண்டுக்கு நாலைந்து தடவை புற்றரை உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் விளையாட வைப்பது புத்தி.

செய்யக்கூடியவை

கறுத்தக்கொழும்பான் ஒட்டுக் கட்டுபவர்கள் ஊர் மாங்கன்றின் வேரை வெட்டுவதில்லை. அந்த மண்ணில் ஊன்றிய வேரிலேயே புதிய கிளையைக் கட்டுகிறார்கள். விளையாட்டுத்துறைக்கும் அதே முறை பொருந்தும்.

முதலில் கணக்கெடுங்கள். எங்களிடம் இருக்கும் ஆசிரியர்கள் யார், அவர்களுக்கு எது கைவந்தது, மைதானம் எத்தனை மாதம் பாவிக்கலாம், ஊரில் ஏற்கெனவே பிள்ளைகள் விளையாடுவது என்ன? மாலையில் மின்குமிழ் கட்டி ஓவர்கேம் ஆடும் கிராமத்தில் கரப்பந்தாட்ட அணியை உருவாக்குவது இலகு. கிளித்தட்டு விளையாடும் பிள்ளைகளிடம் திடீரெனத் திரும்பும் வேகமும் ஏமாற்றும் உத்தியும் உண்டு. கபடிக்கும் உதைபந்துக்கும் அதுவே வேண்டும்.

இரண்டாவதாக, ஒன்றிரண்டு துறைகளைப் பலமாகத் தெரிவுசெய்து ஐந்து வருடத்துக்கு மாற்றாதீர்கள். பணத்திலும் நேரத்திலும் பத்தில் ஏழு பங்கை அவற்றுக்கும், அவற்றிலுள்ள பெண் பிள்ளைகளுக்குச் சமமாகவும் கொடுக்கலாம். இரண்டு பங்கு எல்லாப் பிள்ளைகளும் விளையாடுவதற்கு. ஒரு பங்கு புதிய முயற்சிக்கு. இந்தக் கணக்கு என்னுடைய ஆலோசனை மட்டுமே. ஒவ்வொரு கல்லூரியும் தன் நிலைக்கேற்ப மாற்றலாம். மூன்றுக்கும் பங்கு ஒதுக்கி எழுதிவைப்பதுதான் முக்கியம்.

மூன்றாவதாக, புதிய முயற்சி எதையும் சிறிதாகத் தொடங்கி, முடிவுத் திகதி ஒன்றை வையுங்கள். கைபேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டு எறிதலைத் திருத்தும் முறையை ஒரு தவணைக்குச் செய்துபாருங்கள். பலன் தெரிந்தால் தொடரலாம். இல்லாவிட்டால் வெட்கமில்லாமல் நிறுத்தலாம்.

நான்காவதாக, மூத்த பயிற்றுவிப்பாளரை ஓரங்கட்டிப் புதியவரைக் கொண்டுவராதீர்கள். இளம் ஆசிரியர் ஒருவரை இரண்டு வருடம் அவரோடு நிற்க வையுங்கள். அவருக்குத் தெரிந்ததை இவர் கொப்பியில் எழுதட்டும். இவர் கற்றுவந்த புதிய அறிவை அவரும் பார்க்கட்டும்.

ஐந்தாவதாக, பாடசாலைகளுக்கிடையே பகிருங்கள். கோலூன்றும் தடிகள், மெத்தைகள், தடை தாண்டல் சட்டங்கள் போன்றவற்றை வலயத்துக்கு ஒரு களஞ்சியமாக வைத்தால், ஒரு பாடசாலையில் உறங்கும் தடி இன்னொரு பாடசாலையின் பிள்ளைக்கு உதவும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வலய உடற்கல்விப் பொறுப்பாளர்களும் அதிபர்களும் ஒருமுறை கூடிக் கதைத்தால் ஆகும்.

அனுப்புபவர்களுக்கு

ரொரன்ரோவிலும் இலண்டனிலும் இரவு வேலை செய்து காசு அனுப்பும் பழைய மாணவர்களின் பங்களிப்பு இல்லாவிட்டால், போருக்குப் பின் எத்தனையோ பாடசாலைகளில் உதைபந்துக் கம்பம்கூட நட்டிருக்க முடியாது. அதை மறுப்பவர் இல்லை. அடுத்த முறை அனுப்பும்போது நான்கு விடயங்களைக் கேளுங்கள். இதைப் பாவிக்கப்போகும் பிள்ளைகள் எத்தனை பேர்? கற்பிக்கப்போவது யார், அவர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார்? பழுதானால் திருத்த யாரிடம் காசு இருக்கின்றது? இதே காசில் ஆசிரியர் கேட்பது வேறு என்ன?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். அந்த வன்னி ஆசிரியரிடம் நானும் அதைக் கேட்டேன். பயிற்சி நாட்களில் பிள்ளைகளுக்கு முட்டையும் பயறும், ஆறு மணிக்கு அவர்களை வீடு சேர்க்க ஒரு முச்சக்கர வண்டிக்கான காசும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தத் தடியைப் பாவிக்கக்கூடிய பாடசாலை எங்காவது இருந்தால் விசாரித்துச் சொல்லும்படியும் கேட்டார்.